தொழிற்சாலைக்குள் ஓர் ஆப்பிள்

தன் கடை ஒரு தொழிற்சாலை என்பது என் அத்தானுக்கு அறுபது வயது தாண்டிய பிறகுதான் தெரிய வந்தது. அதுவரை அதைக் கடை என்றே நினைத்துக்கொண்டு, காலையில் ஷட்டரைத் தூக்குவதும் இரவில் இறக்குவதுமாக அறியாமையில் காலம் தள்ளிவிட்டார். புகைப்பொருள் ஒழுங்குமுறை வாரியம் என்று ஒன்று ஏற்பட்டிருக்காவிட்டால் கடைசிவரை தெரியாமலே போயிருக்கும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பைப் புகையிலை வியாபாரம். கடைவீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஒரு சாவிக் கடைக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருக்கும் கடை அது. உள்ளே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். சுவரெல்லாம் அலமாரி, அலமாரியெல்லாம் கண்ணாடி ஜாடி. பின்னால் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு தராசு, அகலமான ஒரு மரத்தட்டு, ஒரு கத்தி.

அந்த மேஜைதான் கடைக்கு உயிர். டப்பாவில் அடைத்த புகையிலை எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும், அத்தானைவிடச் சல்லிசாகவே கிடைக்கும். அத்தானிடம் வருகிறவர்கள் மேஜைக்காக வருகிறவர்கள். ஒருவருக்கு நாக்கில் சுருக்கென்று பிடிக்கக் கூடாது, இன்னொருவருக்குக் கொஞ்சம் காரம் வேண்டும், மூன்றாமவருக்கு எதைக் கொடுத்தாலும் குறை சொல்ல வேண்டும். யாருக்கு எந்த இலையில் எத்தனை பிடி என்பது அத்தானுக்கு மனப்பாடம். தட்டில் கொட்டி, விரலால் உதிர்த்து, கலந்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். கலக்கக் கூடாது என்றால் கடை இல்லை. கடை இல்லை என்றால் அக்கா வீட்டில் உலை இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மிச்சத்தை வாரியமே விளக்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புகையிலை காய்ந்தால் தூளாகிவிடும். அதனால் ஜாடிக்குள் ஆப்பிளில் ஒரு மெல்லிய துண்டு நறுக்கிப் போட்டு வைப்பார். துண்டிலுள்ள ஈரத்தை இலை மெதுவாகக் குடித்துக்கொள்ளும். துண்டு சுருங்கியதும் எடுத்து எறிந்துவிடுவார். இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற காரியம்தான். மிச்ச ஆப்பிளை அந்த நேரத்தில் கடையில் யார் இருக்கிறார்களோ அவர்களோடு பங்கு போட்டுத் தின்பார்.

புகையிலைக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. அது ஆளைக் கொல்லும். அத்தானுக்கும் அது தெரியும். நெஞ்சு ஒத்துக்கொள்ளாமல் அவரே பைப்பை விட்டு வருஷக்கணக்காகிறது. இளவட்டம் யாராவது வேடிக்கை பார்க்க நுழைந்தால், "இதெல்லாம் வேணாம் தம்பி, போய் வேற வேலையைப் பாருங்க" என்று வெளியே அனுப்பிவிடுவார். வியாபாரம் செய்கிற லட்சணமா இது என்று அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அப்படிப்பட்ட மனிதரைத்தான் வாரியம் தேடிக்கொண்டு வந்தது.

முதலில் வந்தது ஒரு சுற்றறிக்கை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட புகையிலைகளை ஒன்றோடொன்று சேர்ப்பவர், சேர்க்க எண்ணுபவர், தாமாகச் சேர்ந்துவிட்டவற்றைப் பிரிக்காமல் விட்டவர் ஆகிய அனைவரும் உற்பத்தியாளர் எனக் கருதப்படுவர் என்று அதில் இருந்தது. அத்தான் அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, இதுல நான் யாரு?"

நான் இரண்டு தடவை படித்தேன். "உற்பத்தியாளர், அத்தான்."

"அது நல்லதா, கெட்டதா?"

"தெரியல. மரியாதையான வார்த்தையாத்தான் இருக்கு."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "டேய், நீ ஆபீஸ்ல குப்பை கொட்டினவன்தானே. கூடவே இருந்து என்ன ஏதுன்னு பாரு. இவரை விட்டா காட்டற இடத்தில எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு வந்து நிப்பார்."

குடிநீர் வாரியத்தில் காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஒரு வாரியத்தில் இருந்தவனுக்கு எல்லா வாரியமும் அத்துப்படி என்பது அக்காவின் நம்பிக்கை. எனக்கும் கொஞ்சம் அந்த நினைப்பு இருந்தது.

நாங்கள் போய்க் கேட்பதற்குள் வாரியமே கடைக்கு வந்துவிட்டது. ஆய்வாளர் சின்ன வயசுக்காரர், தங்கமான பிள்ளை. வாய் நிறைய ஐயா போடுவார். அதுதான் எங்களுக்கு வினையாகப் போயிற்று. கோபித்துக்கொள்ளக்கூட அவர் இடம் கொடுக்கவில்லை. தோள்பை நிறைய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறைகள் வைத்திருந்தார். எதைக் கண்டாலும் உறையில் போட்டு ஒட்டுவார். அக்கா அவருக்குப் பொட்டலக்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள்.

"தொழிற்சாலை எங்கே ஐயா இருக்கு?"

"இதுதான் சார் கடை."

"கடையைக் கேக்கல. தொழிற்சாலை."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஆய்வாளர் திரையை விலக்கி மேஜையை நாடாவால் அளந்தார். உற்பத்திப் பிரிவு என்று எழுதிக்கொண்டார். தராசு, எடை இயந்திரம் ஆயிற்று. மரத்தட்டு கலவைக் கலன் ஆயிற்று. கத்தியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வெட்டும் பிரிவு என்று எழுதினார்.

"தொழிலாளர்கள் எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்."

"நிர்வாகம்?"

"அதுவும் நான்தான்."

"நிர்வாகத்துக்கும் தொழிலாளருக்கும் உறவு எப்படி இருக்கு?"

அத்தான் யோசித்தார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர். "பரவாயில்லை சார். முன்ன மாதிரி இல்லை, ரெண்டு பேருக்குமே வயசாயிட்டுது."

"எழுத்துமூலமா ஒப்பந்தம் இருக்கா?"

இல்லை என்றார் அத்தான், தலையைக் குனிந்துகொண்டு. ஓய்வறை எங்கே என்று கேட்டதற்கு முக்காலியைக் காட்டினார். அவசர வழி எங்கே என்று கேட்டதற்கு, வந்த வழிதான் என்றார். இதுவரைக்கும் நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்புறம் ஆய்வாளர் ஒரு ஜாடியைத் திறந்தார்.

"இது என்ன ஐயா?"

"ஆப்பிள் சார்."

"புகையிலைக்குள்ள ஆப்பிள் எதுக்கு?"

"இலை காயாம இருக்கறதுக்கு."

ஆய்வாளரின் முகம் விழுந்துவிட்டது. அவருக்கு நிஜமாகவே வருத்தம். "பழச்சுவை சேர்த்த புகையிலைக்குத் தடை இருக்கு ஐயா. அது இளைஞர்களைக் கவரும்."

"சுவை இறங்காது சார். வெறும் ஈரத்துக்குத்தான்."

"ஆப்பிளுக்குச் சுவை இல்லைங்கறீங்களா?"

"ஆப்பிளுக்கு இருக்கு. இலைக்கு வராது."

"அதை நாம நாக்கால சொல்லக் கூடாது ஐயா. சோதனைக்கூடம்தான் சொல்லணும்."

அந்த நேரத்தில் கடையில் இருந்த ஒரே இளைஞர் இசை வாத்தியார். எண்பதைத் தொடப் போகிறவர். நாள் முழுக்க வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் ஒரே ஒரு தடவை பைப்பைப் பற்றவைப்பார். அதற்கு மேல் கிடையாது. அவருடைய கலவையை அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கலப்பார். ஆய்வாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க வயசுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா?"

வாத்தியார் தொப்பியைக் கழற்றி நரைத்த தலையைக் காட்டினார். ஆய்வாளர் அதை ஆதாரமாக ஏற்கவில்லை. வளாகத்தில் நுகர்வோர் ஒருவர் காணப்பட்டார், வயது சரிபார்க்கப்படவில்லை என்று குறித்துக்கொண்டார்.

பிறகு ஆப்பிள் துண்டை ஓர் உறையிலும், ஒரு பிடி புகையிலையை இன்னோர் உறையிலும் போட்டு ஒட்டினார். சோதனை முடிவு வரும்வரை கலக்கக் கூடாது என்று சொல்லி, மேஜையின் குறுக்கே மஞ்சள் நாடாவைக் கட்டினார். வாத்தியார் வாயைத் திறந்தபடி நின்றார். அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு இலையையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி நீட்டினார்.

"வீட்ல நீங்களே கலந்துக்குங்க சார். இதுல ரெண்டு பிடி, அதுல ஒரு பிடி."

"ஐயா," என்றார் ஆய்வாளர் மெதுவாக. "அப்படிச் செஞ்சா அவர் உற்பத்தியாளர் ஆயிடுவார். அவர் வீட்டையும் நான் போய் அளக்க வேண்டி வரும்."

வாத்தியார் இரண்டு பொட்டலத்தையும் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

சோதனை முடிவு வருவதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போயிற்று. அதுவரை கடையில் டப்பாச் சரக்கை வைத்து ஒப்பேற்றினார் அத்தான். பழகின தோஷத்துக்குச் சிலர் வந்து ஒரு டப்பா வாங்கிப் போனார்கள். அடுத்த தடவை அவர்களும் பெரிய கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. அத்தான் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டார். அக்கா என் கையைப் பிடித்து, "எப்படியாவது கலக்கறதுக்கு அனுமதி வாங்கிட்டு வாங்கடா" என்றாள். அவள் என்னை அப்படி நம்பிப் பார்த்தது எனக்குப் பெருமையாகவும் பயமாகவும் இருந்தது.

வாரியத்தின் கட்டடம் புதுசு. வாசலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று. அதன் கீழே வாரிய ஊழியர்கள் பத்துப் பேர் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட புகைப்பொருள் மட்டும் என்று தூணில் எழுதியிருந்தது. எங்களுக்கு இருமல் வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனோம்.

இயக்குநர் கனிவான ஆள். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பொட்டலக்காரர் அவர் பக்கத்தில் நின்றார்.

"உங்க மேல ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, அனுமதி இல்லாம சிகரெட் தயாரிச்சது."

அத்தான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லையே சார்."

"சோதனைக்கூடத்தில புகைக்கிற இயந்திரம்னு ஒண்ணு இருக்கு. அதோட வாய்க்குச் சிகரெட்தான் பொருந்தும், பைப் பொருந்தாது. அதனால உங்க புகையிலையைத் தாள்ல சுருட்டி வெச்சாங்க. வெச்சுப் பார்த்ததில அது சிகரெட்னு தெரிய வந்திருக்கு."

"சுருட்டினது உங்க ஆளுங்கதானே சார்?" என்று கேட்டேன் நான்.

"சுருட்டினது நாங்க. சுருண்டது உங்களுது." இயக்குநர் அடுத்த தாளைப் புரட்டினார். "ரெண்டாவது இன்னும் மோசம். அந்த ஆப்பிள்ல சாராயம் இருக்கு."

அத்தான் என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் ஒரு சந்தேகம் தெரிந்தது; ஒருவேளை தான்தான் மறந்துபோய் ஊற்றிவிட்டோமோ என்று.

"சார், அந்தத் துண்டு உங்க உறையில மாசக்கணக்கா இருந்திருக்கு," என்றேன். "புளிச்சுப் போயிருக்கும்."

"எங்க அலமாரியில எதுவும் புளிக்காது. அதுக்கு விதிமுறை இருக்கு." அவர் கோபப்படவில்லை. "மதுத் துறைக்கு எழுதிட்டோம். அவங்க தனியா வந்து உங்களைப் பார்ப்பாங்க. நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதீர்கள் என்று சொன்னதும் அத்தானுக்குத் தைரியம் வந்துவிட்டது. கலக்குவதற்கு அனுமதி வேண்டும், ஆப்பிள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன், என்ன படிவம் என்று சொன்னால் நிரப்பித் தருகிறேன் என்று கைகட்டிக்கொண்டு சொன்னார். அப்போதுதான் இயக்குநர் மனம் திறந்து பேசினார்.

"நாங்க யாருக்கும் எதிரி இல்லை, புரிஞ்சுக்குங்க. வாரியம் ஆரம்பிச்சப்ப உங்களை மாதிரிச் சின்னக் கடைங்க தெருவுக்குத் தெரு இருந்தது. ஒவ்வொண்ணா போய்ப் பார்க்கிறதுன்னா எங்க ஆளுங்களுக்கு எவ்வளவு அலைச்சல். பெரிய கம்பெனிக்காரங்களைப் பாருங்க. ஒரு படிவம் கேட்டா ஒரு லாரி அனுப்பறாங்க. எங்க படிவத்தை நிரப்பறதுக்குன்னே ஒரு மாடி முழுக்க ஆள் போட்டிருக்காங்க. போன வருஷம் எங்க படிவத்தில ஒரு தப்பு இருந்தது. அவங்கதான் கண்டுபிடிச்சுத் திருத்தினாங்க. இப்ப படிவத்தையே அவங்கதான் எழுதித் தர்றாங்க. அப்படி ஒரு ஒத்துழைப்பு. நீங்க ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி கலக்கறீங்க. ஒவ்வொரு கலவைக்கும் தனி விண்ணப்பம், தனிச் சோதனை, தனி ஆராய்ச்சி அறிக்கை வேணும். உங்களால முடியுமா? முடியாது. அதுக்காக நாங்க விதியைச் சின்னது பண்ண முடியுமா?"

"இதனால புகை பிடிக்கிறவங்க குறைஞ்சிருக்காங்களா சார்?" அத்தான் அக்கறையோடுதான் கேட்டார். குறைந்திருந்தால் அவருக்கு ஒரு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அது சுகாதாரத் துறை பார்க்கிற வேலை. எங்க கணக்குல கடை குறைஞ்சிருக்கு."

அத்தான் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடமோ அக்காவிடமோ சொல்லாததை அவரிடம் சொன்னார்.

"அப்ப மூடிடறேன் சார். மூடிட்டு வேற பிழைப்பைப் பார்க்கிறேன்."

இயக்குநருக்கு மனசு புண்பட்டுவிட்டது. "மூடுங்கன்னு நாங்க சொன்னமா? யாரையும் மூடச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் கிடையாது, ஒழுங்குபடுத்தத்தான் அதிகாரம். அதுவும் விசாரணையில இருக்கிற தொழிற்சாலையை நீங்க பாட்டுக்கு மூடிட்டா தொழிலாளர் கதி என்ன ஆகும்?"

"தொழிலாளர் நான்தான் சார்."

"அவரைத்தான் சொல்றேன். உங்களை மாதிரி முதலாளிங்ககிட்டேருந்து அவரைக் காப்பாத்த வேண்டியது எங்க பொறுப்பு."

வீட்டுக்கு வந்ததும் அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தாள். கலக்கவும் கூடாது, மூடவும் கூடாது என்று சொன்னேன். எல்லா ஜாடிக்கும் முத்திரை வைப்பார்கள், டப்பாவும் விற்கக் கூடாது, ஆனால் ஆய்வுக்கு வசதியாக வேலை நேரம் முழுக்கக் கடை திறந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் அழவில்லை. "ஒரு வாரியத்தில அத்தனை வருஷம் இருந்தியே, உனக்கு ஒரு வார்த்தை பேசத் தெரியலையா?" என்றாள். பேசத் தெரியாமல் இல்லை. அங்கே கேட்ட ஒவ்வொரு வார்த்தையையும் நானும் ஒரு காலத்தில் குடிநீர் வாரிய ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அதற்குப் பதில் கிடையாது என்பது எனக்குத் தெரியும். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாப்பிடாமல் எழுந்து போனேன்.

அதன் பிறகு கடை இப்படி ஆயிற்று. காலையில் அத்தான் ஷட்டரைத் தூக்குவார். முத்திரை வைத்த ஜாடிகளுக்கு முன்னால் முக்காலியில் உட்காருவார். வெளியே வாரியம் கொடுத்த பலகை தொங்கியது: தொழிற்சாலை, உற்பத்தி நிறுத்தப்பட்டுள்ளது, பார்வையாளர்கள் தலைக்கவசம் அணியவும். அக்கா பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனாள். வருகிறவர்களின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கிற வேலை. மத்தியானம் அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கு வருவாள். இருவரும் மஞ்சள் நாடா கட்டின மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மேஜையில் வைத்துச் சாப்பிடலாமா என்று அத்தான் வாரியத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். பதில் இல்லை.

மூன்றாம் மாதம் பொட்டலக்காரர் தராசோடு வந்தார். ஜாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். வைக்க வைக்க அவர் முகம் மறுபடியும் விழுந்தது.

"எடை குறைஞ்சிருக்கு ஐயா. எல்லா ஜாடியிலும்."

"காஞ்சிருக்கும் சார். மூடியெல்லாம் பழைய மூடி, காத்து போகும்."

"வித்துட்டீங்களோன்னு சந்தேகம் வருதே."

"முத்திரை அப்படியே இருக்கே சார்."

"அதுதான் ஐயா சந்தேகத்தை அதிகமாக்குது." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இது கைப்பற்றப்பட்ட பொருள். முத்திரை வெச்ச அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும். ஒரு கிராம் குறைஞ்சாலும் உங்க மேலதான் வரும். காயாம இருக்க வழக்கமா என்ன செய்வீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். சொல்லலாமா என்று கண்ணாலேயே கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆப்பிள் போடுவேன் சார்," என்றார்.

ஆய்வாளர் நல்ல பிள்ளை என்று முன்பே சொன்னேன். அத்தானைக் காப்பாற்ற வேண்டும் என்று ராப்பகலாக உட்கார்ந்து மேலிடத்துக்கு எழுதினார். ஆணை வந்தது. பொருள் வாரியத்தின் பொறுப்பில் இருப்பதால் அதன் ஈரத்தை வாரியமே காக்கும். அதற்கென ஒப்பந்தப்புள்ளி கோரி ஆப்பிள் கொள்முதல் செய்யப்படும். வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வாளர் முன்னிலையில் ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு துண்டு இடப்படும். ஆனால் ஆய்வாளருக்குக் கத்தி பிடிக்க அதிகாரம் கிடையாது. வெட்டும் பிரிவு நிர்வாகத்தின் பொறுப்பு என்று ஏற்கெனவே பதிவாகியிருந்தது. ஆகவே அத்தான் வெட்ட வேண்டும்.

"ஏன் சார், இப்ப இது பழச்சுவை ஆகாதா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இது வாரியத்து ஆப்பிள் ஐயா," என்றார் அவர். "இது வெறும் ஈரத்துக்குத்தான்."

போன வெள்ளிக்கிழமை நானும் கடையில் இருந்தேன். ஆய்வாளர் உறையைப் பிரித்து ஆப்பிளை எடுத்து வைத்தார். மேஜையின் நாடாவை அவிழ்த்தார். அத்தான் கத்தியை எடுத்தார். வெட்டும்போது அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் தெரிந்தது. வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் கைக்கு வேலை. ஜாடியைத் திறந்ததும் புகையிலை வாசனை வந்தது. அவர் விரல் தானாக இலைக்குள் போயிற்று. ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். விரல் வெளியே வந்துவிட்டது.

அப்போது இசை வாத்தியார் வந்தார். வாசலிலேயே நின்று வெகுநேரம் இருமினார். கையில் சிகரெட் இருந்தது. வீதி முனையில் வாங்கினதாம், எல்லா அனுமதியும் பெற்றதாம். ஆய்வாளர் அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, நீங்க முன்ன பைப் பிடிப்பீங்கள்ல? விட்டுட்டீங்களா?"

"விட்டுட்டேன் தம்பி."

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. இந்தத் தெருவுக்கு வந்த நாளாக அவருக்குக் கிடைத்த முதல் நல்ல சேதி அது. பைப் பழக்கத்தைக் கைவிட்டவர் ஒருவர் என்று உடனே குறித்துக்கொண்டார்.

அத்தான் வாத்தியாரின் விரல்களைப் பார்த்தார். நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை சார் ஆகுது?" என்று கேட்டார்.

"எண்ணறதில்லை. பைப்னா ஒரு தடவையோட மனசு அடங்கிடும். இது ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததைக் கேக்குது."

"வேணாம் சார். குறைச்சுக்குங்க."

"நீ எனக்குப் பழையபடி கலந்து கொடு. இதை இன்னிக்கே தூக்கிப் போட்டுடறேன்."

அத்தான் ஜாடிகள் பக்கம் திரும்பினார். வாத்தியாரின் இலை இரண்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில், திறந்த ஜாடிகளில் இருந்தன. எனக்கே எழுந்து போய்க் கலந்துவிடலாமா என்று கை துடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. மூன்று பேரும் அந்த ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். ஆய்வாளர் அவற்றை மூடிப் புது முத்திரை ஒட்டினார்.

தட்டில் பாதி ஆப்பிள் மிச்சம் இருந்தது. அத்தான் பழக்க தோஷத்தில் ஒரு துண்டு நறுக்கி வாத்தியாரிடம் நீட்டிவிட்டார்.

"ஐயா, மிச்சமும் கணக்குல இருக்கு," என்றார் ஆய்வாளர், மிகவும் சங்கடத்தோடு.

வாத்தியார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அத்தான் துண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார். ஆய்வாளர் பாதி ஆப்பிளையும் அந்தத் துண்டையும் உறையில் போட்டு ஒட்டி, மேஜைக்கு மறுபடியும் நாடா கட்டினார். தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அத்தான் அவரைக் கூப்பிட்டார். கத்தி இன்னும் அத்தான் கையிலேயே இருந்தது. ஆப்பிள் சாறு கைப்பிடிவரை வழிந்திருந்தது.

"சார், இந்தக் கத்தியைக் கழுவலாமா?"

ஆய்வாளர் நின்றார். கத்தியைப் பார்த்தார். இதை அவர் யோசித்திருக்கவில்லை.

"கேட்டுச் சொல்றேன் ஐயா," என்றார்.

இன்னும் சொல்லவில்லை. கத்தி நாடாவுக்கு இந்தப் பக்கம், அத்தான் உட்காருகிற முக்காலியின் மேல் கிடக்கிறது. எறும்பு மொய்க்கிறது. அத்தான் நின்றுகொண்டே கடையைப் பார்த்துக்கொள்கிறார்.